24 டிராயர் வைத்த மர அட்வென்ட் காலண்டர்: நண்பர்களோடு சேர்ந்து நிரப்புவதற்காகவே வாங்கலாம்

கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதற்கென்று விற்கிற அட்வென்ட் காலண்டர்களில் எத்தனையோ வகை இருக்கிறது. நான் எழுதப்போவது மரத்தில் செய்த, 24 குட்டி டிராயர்கள் வைத்த, உள்ளே ஒன்றுமே இல்லாமல் காலியாக வருகிற வகையைப் பற்றி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸில் நண்பர்களையும் சேர்த்துக்கொள்ள ஆசை இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். நீங்களே நிரப்பி நீங்களே திறப்பதற்கு என்றால் வேண்டாம். அதற்கு இது வாங்குகிற வேலை அதிகம், இரண்டாம் வருஷமே பரணுக்குப் போய்விடும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்றை ஏன் குறைக்கிறேன் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

எங்களிடம் இருப்பது வீடு வடிவம். சரிவான கூரை, மேலே ஒரு புகைபோக்கி, நடுவில் திறக்க முடியாத ஒரு பொய்க் கதவு, அதைச் சுற்றி டிராயர்கள். பல கம்பெனிகள் இதே வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி மாற்றிச் செய்கின்றன. மரம், ரயில், குடில் வடிவங்களும் கிடைக்கின்றன, ஆனால் வீடு வடிவம்தான் நேராக நிற்கும், டிராயர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ரயில் வடிவத்தில் சக்கரத்துக்கு மேலே வருகிற டிராயர்கள் பாதி ஆழம்கூட இருக்காது, யாருக்கு அந்த எண் வருகிறதோ அவர் பாவம். எங்களுடையதில் ஒரு டிராயரின் உள்ளளவு சுமார் 5 செ.மீ. சதுரம், ஆழம் அதைவிடச் சற்றுக் குறைவு. நான்காக மடித்த ஒரு கடிதம், ஒரு சாவி, ஒரு சின்ன பொம்மை, சுருட்டிய ரிப்பன், இவ்வளவுதான் பிடிக்கும். சிறியதாக இருக்கிறதே என்று முதலில் தோன்றும். அது நல்லதுக்குத்தான். இடம் பெரிதாக இருந்தால் கடையில் வாங்கிய சாமானைத் திணிக்கத் தோன்றும். இவ்வளவு சின்ன இடத்தில் என்ன வைக்கலாம் என்று யோசித்தால்தான் கடிதம் எழுதவே கை போகிறது.

எண்கள் வரிசையாக இல்லாமல் கலைந்து கிடக்கும். 1 கூரைக்குக் கீழே, 2 அடிவரிசையில் மூலையில், 3 பொய்க் கதவுக்குப் பக்கத்தில். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், அதை மாற்றிவிடாதீர்கள். காலையில் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு அன்றைய எண்ணைத் தேடுகிற அந்த அரை நிமிஷம்தான் குழந்தைகளுக்குப் பாதி சந்தோஷம். நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் "எங்க இருக்கு, எங்க இருக்கு" என்று நாலு தலை ஒன்றாக முட்டிக்கொண்டு தேடும்.

இந்தப் பொருளுக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. வாங்குவதற்கு முன் அது தெரிந்திருந்தால் காலி டிராயர் ஏன் மேல் என்பது தானாகவே விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் வீடுகளில் டிசம்பர் பிறந்ததும் கதவில் சாக்கட்டியால் 24 கோடு போட்டு, நாளுக்கு ஒன்றாக அழித்துக்கொண்டு வருவார்களாம். காசே தேவைப்படாத காலண்டர். 1839-இல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிஷ் விசேர்ன் என்ற போதகர், ஆதரவற்ற சிறுவர்களுக்காகத் தான் நடத்திய இல்லத்தில் "கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும்" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு. இன்று ஆலயங்களில் நாம் ஏற்றுகிற அட்வென்ட் வளையம் அதிலிருந்து வந்ததுதான். அப்புறம் கெர்ஹார்ட் லாங். சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா ஒரு அட்டையில் 24 இனிப்புகளை வைத்து, நாளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அந்தப் பையன் வளர்ந்து மியூனிக்கில் அச்சுத் தொழிலுக்கு வந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையே அச்சடித்த காலண்டராக விற்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு குட்டி அட்டைக் கதவு திறக்கிற வகையும் பின்னால் அவரிடமிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து இந்தத் தொழில் அப்படியே நின்றுபோனது. 1946-இல் ஷ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் திரும்ப ஆரம்பித்தார். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் பேரப்பிள்ளைகள் அப்படி ஒரு காலண்டரைத் திறக்கிற படம் பத்திரிகைகளில் வந்தபிறகு கடல் தாண்டியும் பரவிவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சாக்கட்டிக் கோடாகட்டும், வண்டிச் சக்கரமாகட்டும், அந்த அம்மாவின் அட்டையாகட்டும், எல்லாமே ஒருவர் இன்னொருவருக்காகக் கையால் செய்தது. யாருக்குச் செய்கிறோம் என்று செய்தவருக்குத் தெரியும், யார் செய்தது என்று திறப்பவருக்குத் தெரியும். தொழிற்சாலையில் நிரப்பி வருகிற காலண்டரில் அது போய்விட்டது. 24 கதவுக்குப் பின்னாலும் அச்சில் வார்த்த சாக்லேட். போதாக்குறைக்கு 2012-இல் ஜெர்மனியின் நுகர்வோர் சோதனை அமைப்பான ஷ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட் 24 சாக்லேட் காலண்டர்களை எடுத்துச் சோதித்தபோது எல்லாவற்றின் சாக்லேட்டிலும் கனிம எண்ணெய்ச் சுவடு கிடைத்தது. மறுசுழற்சி அட்டையிலிருந்து இறங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். காலி டிராயர் பெட்டியில் உள்ளே என்ன போகிறது என்பது நம் கையில், நம் நண்பர்கள் கையில்.

சரி, நண்பர்களோடு எப்படிப் பயன்படுத்துவது? நாங்கள் செய்வது இதுதான். நவம்பர் தொடக்கத்தில் எண்களைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவோம். நான்கு குடும்பம் என்றால் ஆளுக்கு ஆறு டிராயர், ஆறு குடும்பம் என்றால் நான்கு. 24 என்ற எண் பங்கு போடுவதற்கு அவ்வளவு வசதி. தனியாக இருக்கும் நண்பரையும் ஒரு குடும்பமாகவே கணக்கில் எடுத்துக்கொள்வோம், அவருக்கும் அதே பங்கு. அவரவர் தங்கள் எண்களுக்கு உரியதைக் கட்டி, மேலே எண்ணை எழுதி, நவம்பர் முடிவதற்குள் பெட்டி இருக்கிற வீட்டில் கொடுத்துவிடவேண்டும். எங்கோ தூரத்தில் இருப்பவர்கள் தபாலில் அனுப்புவார்கள். டிராயரின் ஆழம் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கவரைப் பிரித்து மடித்துத் திரும்ப மடிக்கவேண்டி வரும், அதற்குள் ரகசியம் வெளியே வந்துவிடும்.

ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறோம்: வைக்கிற பொருள் எதுவானாலும் கூட ஒரு துண்டுச்சீட்டு இருக்கவேண்டும், அதில் உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸைப் பற்றி ஒரு விஷயம் எழுதியிருக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த விதியால்தான் இந்தப் பெட்டிக்கே உயிர் வருகிறது. ஒரு சீட்டில், "எங்க வீட்டில் நட்சத்திரத்தை எப்பவும் கடைக்குட்டிதான் மாட்டணும், அவன் இப்ப ஆறடி, இன்னும் அவன்தான் மாட்டுறான்." இன்னொன்றில், "அப்பா இறந்த வருஷம் நாங்க மரம் வைக்கலை. அடுத்த வருஷம் அம்மாவே வைக்கச் சொன்னாங்க." இதை எழுதிய அக்காவை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அப்பா இல்லை என்பது தெரியும், அந்த ஒரு டிசம்பர் அவர்கள் வீட்டில் எப்படிப் போனது என்பது தெரியாது. நேரில் உட்கார்ந்து பேசும்போது இதெல்லாம் வராது. யாரும் கேட்கவும் மாட்டார்கள், கேட்டாலும் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பேச்சு மாறிவிடும். இரண்டு விரல் அகலத்துக் காகிதத்தில் எழுத மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. அன்று காலை அதைப் படித்துவிட்டு உடனே அக்காவுக்கு போன் பண்ணினேன், மரத்தைப் பற்றியே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கே முதல் கிறிஸ்துமஸ் அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியாக வாழ்த்துக் கடிதம் எழுத நேரம் போதாமல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொன்னார், ஆயிரம் பிரதி அச்சடித்தார். நடுவில் ஒரு குடும்பம், தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரைக்கும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அட்டையைக் கையில் பிடித்திருப்பவரைப் பார்த்துக் கோப்பையை உயர்த்துகிறது. இரண்டு ஓரத்திலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கிற காட்சிகள். கடையில் விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று சொல்லப்படுகிற அந்த அட்டையே, "எங்கள் வீட்டு மேஜையில் உனக்கும் இடம் இருக்கிறது" என்று நண்பருக்குச் சொல்லத்தான் பிறந்திருக்கிறது. துண்டுச்சீட்டு செய்கிற வேலையும் அதேதான், கையெழுத்தோடு.

சீட்டோடு என்ன வைக்கலாம் என்றால், எங்களுக்கு நன்றாக வேலை செய்தவற்றைச் சொல்கிறேன். 24 துண்டு உள்ள ஒரு சின்ன ஜிக்சா படம், நாளுக்கு ஒரு துண்டு, கடைசியில் பழைய குழுப்படமாகச் சேரும். இதை ஒரு நண்பர் தானே புகைப்படத்தை அட்டையில் ஒட்டி வெட்டிச் செய்தார், எல்லாரும் தங்கள் சீட்டோடு ஒரு துண்டையும் சேர்த்து வைத்தோம். கேரல் பாட்டின் ஒரு வரி, அடுத்த வரி வேறு யாருடைய டிராயரிலோ இருக்கும். மரத்தில் தொங்கவிட ஒரு சின்ன மணி. ஒரு விடுகதை, விடை இரண்டு நாள் கழித்து. "இன்றைக்கு ராத்திரி பாட்டிக்கு போன் பண்ணி அவங்க சின்ன வயசுக் கிறிஸ்துமஸைப் பற்றிக் கேள்" என்று ஒரு கட்டளை. பிள்ளைகளுக்கு இந்தக் கட்டளைகள்தான் ரொம்பப் பிடிக்கிறது, அதிலும் தன் அப்பா அம்மா சொன்னதாக இல்லாமல் பக்கத்து வீட்டு அத்தை எழுதினதாக இருந்தால் கேள்வியே கேட்காமல் செய்வார்கள். சரிப்பட்டு வராதவையும் உண்டு. மினுமினுப்புத் தூள் போட்ட எதையும் வைக்காதீர்கள், டிராயரின் மூலையில் ஏறிவிட்டால் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும், கடிதத்தில் எல்லாம் ஒட்டும். வாசனை மெழுகு வைத்தால் பெட்டி முழுக்க அதே வாசனை. சீக்கிரம் கெட்டுப்போகிற தின்பண்டம் அறவே கூடாது, 20-ஆம் எண்ணில் இருப்பது மூன்று வாரம் மூடியே கிடக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது.

கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீட்டு நண்பர்களைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக. அவர்கள் எழுதுகிற சீட்டுகள்தான் பல சமயம் எல்லாரும் காத்திருந்து படிப்பவை, ஏனென்றால் நம் வீட்டுக்கு வந்துபோன கிறிஸ்துமஸ்களை அவர்கள் வெளியிலிருந்து பார்த்திருக்கிறார்கள். நாம் கவனிக்காமலே வருஷா வருஷம் செய்கிற ஒரு காரியம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர்களுடைய பண்டிகைக்கு அதே பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடலாம், எண்தானே போட்டிருக்கிறது.

அட்வென்ட் காலம் உண்மையில் எப்போதும் டிசம்பர் 1-இல் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுதான் தொடக்கம், அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். 2022-இல் நவம்பர் 27-ஆம் தேதியே தொடங்கிவிட்டது, 2023-இல் டிசம்பர் 3. காலண்டர் விற்பவர்கள் அந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று 1 முதல் 24 என்று போட்டுவிட்டார்கள், அதனால்தான் ஒரே பெட்டியை எல்லா வருஷமும் வைத்துக்கொள்ள முடிகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற ஆர்த்தடாக்ஸ் சபை நண்பர் உங்களுக்கு இருந்தால், அவருக்கு டிசம்பர் 14-இல் 1-ஆம் டிராயரைத் தொடங்கிவைக்கச் சொல்லுங்கள், ஜனவரி 6 அன்று 24 சரியாக முடியும்.

இனி குறைகள். இவை சின்ன விஷயங்கள் இல்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் குறை, டிராயர் சிக்குவது. மரம் ஈரக்காற்றில் ஊதும். மழையும் குளிருமான பருவத்தில் பெட்டியை வெளியே எடுத்தால் ஏழெட்டு டிராயராவது வெளியே வராமல் அடம்பிடிக்கும். பிடித்து இழுத்தால் குமிழ் கையோடு வந்துவிடும், ஏனென்றால் குமிழ் என்பது பசை வைத்து ஒட்டிய ஒரு மரமணிதான், திருகாணி கிடையாது. எங்களுடையதில் 17-ஆம் எண்ணின் குமிழ் முதல் வாரத்திலேயே கழன்றது. தீர்வு சுலபம்: டிராயரை முழுக்க வெளியே எடுத்து, இரண்டு பக்கவாட்டிலும் அடியிலும் மெல்லிய உப்புத்தாளை ஓரிரு தடவை ஓட்டிவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டைத் தேயுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் மட்டும் போடாதீர்கள், மரம் குடித்துக் கறுக்கும், உள்ளே இருக்கிற காகிதத்திலும் ஏறும். குமிழ்களை வாங்கியவுடனே ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, லொடலொடவென்று இருப்பதை மரப்பசை வைத்து ஒட்டி ஒருநாள் காயவிடுங்கள். கடைக்காரரிடம் இதைப் பற்றிச் சொன்னபோது "மரச்சாமான் அப்படித்தான் இருக்கும்" என்றார். விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அது பதில் ஆகாது. 24 திருகாணி போட எவ்வளவு செலவாகிவிடும்?

இரண்டாவது, எதில் செய்தது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். "மரம்" என்று எழுதியிருந்தாலும் பாதி இடத்தில் உள்ளே இருப்பது எம்.டி.எஃப். எனப்படும் மரத்தூள் அட்டைதான். அது ஒருமுறை நனைந்தால் ஊதியது ஊதியதுதான், திரும்பாது. பிளைவுட்டில் செய்ததை வாங்குங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால் டிராயரை எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். பிளைவுட்டில் அடுக்கடுக்காகக் கோடு தெரியும், எம்.டி.எஃப். ஒரே நிறமாக வழவழவென்று இருக்கும். லேசரில் வெட்டிய பிளைவுட்டின் விளிம்பு கருகி, புகை வாசனை அடிக்கும். டிராயர்களைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்தால் போய்விடும். பெயிண்ட் வாசனை ஒரு வாரத்துக்குப் பிறகும் மூக்கைத் துளைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் முகத்தை ஒட்டிவைத்துத் தேடுகிற பொருள் அது.

மூன்றாவதுதான் முக்கியம். பல மாடல்களில் கூரையிலோ ஜன்னலிலோ விளக்கு எரிகிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த விளக்கு பெரும்பாலும் பட்டன் பேட்டரியில் ஓடுகிறது. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்க ஆரம்பித்துவிடும், உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2022-இல் ரீஸ் சட்டம் என்று இதற்காகவே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், பேட்டரி இருக்கும் பகுதியைக் குழந்தைகளால் சுலபமாகத் திறக்க முடியாதபடி செய்யவேண்டும் என்று. ஆகவே பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணி வைத்து மூடியிருந்தால் வாங்கலாம். நகத்தால் தள்ளினாலே திறந்துகொண்டால் விளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். விளக்கே இல்லாத மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது.

அதே மாதிரி, நண்பர்கள் வீட்டுக் கைக்குழந்தை வந்துபோகிற இடம் என்றால் டிராயருக்குள் என்ன வைக்கிறோம் என்பதிலும் எல்லாரும் சேர்ந்து ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளவேண்டும். கழிவறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும், இது குழந்தை வளர்ப்பில் எல்லாரும் சொல்கிற அளவுகோல். 5 செ.மீ. டிராயரில் வைக்கிற பொருள் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் நுழையும். காந்தம் கூடவே கூடாது. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். குழந்தை இருக்கும் வருஷம் கீழ்வரிசை டிராயர்களில் காகிதம் மட்டும் வையுங்கள், பெட்டியையும் உயரத்தில் வையுங்கள். பெட்டி ஒல்லியானது, முன்பக்கத்து டிராயர்கள் நாலைந்தை ஒன்றாக இழுத்தால் அப்படியே முன்னால் சாயும். எங்களுடையதைச் சுவரில் ஒரு கொக்கி போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன்.

இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். எண்கள் சில மாடல்களில் ஸ்டிக்கராக வந்து உரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அச்சடித்தோ செதுக்கியோ இருப்பதை வாங்குங்கள்.

மற்ற வகைகளோடு ஒப்பிட்டால், துணிப்பை வைத்துத் தொங்கவிடுகிற காலண்டர் விலையும் குறைவு, பைகளும் பெரிது, மடித்து வைத்துவிடலாம். பிள்ளைகள் கை விட்டுத் தடவிப் பார்த்தே உள்ளே என்ன என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் அதில் சங்கடம். ஆனால் வேறு ஊரில் இருக்கும் நண்பருக்கு அனுப்பவேண்டும் என்றால் துணிதான், மரப்பெட்டி தபாலில் போனால் மூலை உடைந்துதான் சேரும். படம் அச்சடித்த காகிதக் காலண்டர் எனக்கு இன்னும் பிடிக்கும், ஜன்னலில் வைத்தால் வெளிச்சம் படங்களின் வழியாக உள்ளே வரும். அது பார்ப்பதற்கு, பகிர்வதற்கு இல்லை. வாசனைத் திரவியம், அழகுசாதனம் என்று பெரிய பெரிய கம்பெனிகள் போடுகிற காலண்டர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அவை சாம்பிள் பெட்டிகள். மொபைல் ஆப்பில் நாள் எண்ணுவதும் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல ஊரில் இருப்பவர்கள் திறக்கலாம் என்பது நல்ல வசதிதான், கையெழுத்து இருக்காது என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குப் பதிலாக டிராயர் திறப்பதை வீடியோ அழைப்பில் காட்டுகிறோம், அன்றைய எண் யாருடையதோ அவர்தான் அழைப்பில் இருப்பார், தன் சீட்டைத் தானே படிக்கமாட்டார், திறந்தவர்தான் படிக்கவேண்டும்.

பெட்டி ஒரே வீட்டில் இருக்கவேண்டுமா, வீடு வீடாகப் போகவேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. சுற்றிவந்தால் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் திறக்கக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் டிராயர்கள் சரிந்து வெளியே விழும், பெட்டியைச் சுற்றிப் பட்டை ரிப்பன் கட்டாமல் வாசலைத் தாண்டக்கூடாது. என் கருத்து, டிசம்பர் முழுக்க ஒரு வீடு, அடுத்த வருஷம் அடுத்த வீடு. எந்த வீட்டில் அந்த வருஷம் ஒரு இழப்போ, ஆள் குறைவோ, ஊர் மாறிவந்த தனிமையோ இருக்கிறதோ அங்கே முதலில் போகவேண்டும். தனியாக வாழும் எங்கள் நண்பர் ஒருவர் வீட்டில் பெட்டி இருந்த டிசம்பரில், அவருடைய வீட்டுக்கு யாராவது ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். "இன்னைக்கு என்ன வந்துச்சு" என்று கேட்க வருவார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள். குடும்பம் இல்லாதவர் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் எப்படி வரும் என்று யாரும் யோசிப்பதில்லை, அன்றைக்கு மட்டும் சாப்பிடக் கூப்பிடுவதோடு சரி. ஒரு மாதம் முழுக்க ஆள் வந்துபோகிற மாதிரி செய்ய ஒரு மரப்பெட்டியால் முடிந்தது. நான் இந்தப் பொருளுக்குச் சிபாரிசு எழுத முக்கியக் காரணமே அதுதான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வருஷத்தை எழுதி ஒரு கவரில் போட்டுப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள், அல்லது ஒரு நோட்டில் ஒட்டுங்கள். பெட்டியை எடுத்துவைக்கும்போது ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு மூன்றை டிராயர்களில் போட்டு, பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டாமல் பழைய பருத்தித் துணியில் சுற்றிவைத்தால் அடுத்த வருஷம் டிராயர் சிக்குவது பெரிதும் குறையும். டிசம்பரில் பெட்டியை எடுத்தவுடன் அந்தப் பொட்டலங்களை எல்லாம் எண்ணிப் பார்த்து வெளியே எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் பரிசு என்று நினைத்துப் பிரித்துவிடுவார்கள்.

வாங்குவதாக இருந்தால் அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். நவம்பர் கடைசியில் பிளைவுட் மாடல்கள் தீர்ந்து எம்.டி.எஃப். மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதோடு வாசனை போகவும், மெழுகு தேய்க்கவும், குமிழ் ஒட்டவும், சீட்டுக் குலுக்கவும், தூரத்து நண்பரின் தபால் வந்துசேரவும் அந்த ஒரு மாதம் தேவைப்படும்.